எண்பது ஸ்டார்ட், இரண்டு ஸ்டார்ட்: கிரைண்டர் மோட்டாரில் ஒரு துவைக்கும் மிஷின்

சேலம் குகைப் பகுதியில், கருகிய மோட்டாருக்குக் கம்பிச் சுருளை மறுபடி சுற்றித் தரும் ஒரு காயில் கட்டும் கடை. மேசை மேல் என் மோட்டார் மூடி கழற்றிக் கிடந்தது. கடைக்கார அண்ணன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ரன்னிங் காயில் புதுசாட்டம் இருக்குது. ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கரிக்கட்டை ஆயிருச்சு. இத மாவாட்டத்தான வச்சிருந்தீங்க?"

"மாவாட்டினதுதாண்ணே. இப்போ துணி துவைக்குது."

"ஒரு மணி நேரத்துல எத்தன தடவ ஸ்டார்ட் ஆகும்?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு நொடி வலப்பக்கம், மூன்று நொடி ஓய்வு, பன்னிரண்டு நொடி இடப்பக்கம், மறுபடி மூன்று நொடி ஓய்வு. அரை நிமிடத்துக்கு இரண்டு. இருபது நிமிடத் துவைப்புக்கு எண்பது. மணிக்கணக்கில் சொன்னால் 240. சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த மிஷினை இரண்டு தடவை கட்டினேன். முதலாவது மூன்று வாரம் ஓடியது. இரண்டாவது 2023 ஜனவரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் மோட்டார் ஒன்றுதான். அது எப்படி என்பதை எழுதி வைக்கிறேன். கிரைண்டர் மோட்டார் சும்மா கிடக்கும் வீடுகள் நம் ஊரில் குறைவில்லை, யாருக்காவது உதவும்.

எதற்காக இந்த வேலை

அம்மா இருப்பது ஏற்காடு மலையில். கொஞ்சம் காப்பி, அதன் நிழல் மரங்களில் ஏறிய மிளகு, வீட்டுக்குப் பின்னால் விருந்தினர் தங்க இரண்டு அறை. நான் சேலத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஃபிட்டர். மே மாதக் கோடை விழா சமயத்தில் இரண்டு அறையும் காலியாகவே இருக்காது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் தினமும் மாற்ற வேண்டும். அதைச் சமாளித்துவிடலாம். மார்கழியில்தான் கஷ்டம். விடியற்காலை மலைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அம்மாவுக்கு விரல் மூட்டு வீங்கும்.

கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். வாங்கினோம். முழு ஆட்டோமேட்டிக். அதன் மின்னணுப் பலகை ஒன்றரை வருடத்தில் இரண்டு தடவை போனது. இரண்டாம் தடவை பழுது பார்க்க ஆள் வருவதற்குப் பதினெட்டு நாள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர யாருக்கும் மனசில்லை. வந்தவரும் "வோல்டேஜ் பத்தாதும்மா, நாங்க என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டில் மீட்டர் வைத்தால் 180 வோல்ட் காட்டும். காலையில் 215. 230-ஐ நான் பார்த்ததே இல்லை.

அதே சமயம் சேலத்தில் மாமா இட்லிக் கடையை மூடினார். கடையில் இருந்த ஐந்து லிட்டர் கிரைண்டரின் உருளை உடைந்திருந்தது, மோட்டார் நன்றாக இருந்தது. பெயர்ப்பலகையில் அரை ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம்., 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பதினைந்து வருடம் தினமும் மாவாட்டிய மோட்டார். இதற்குத் துணி எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் முதல் தப்பு இருந்தது.

முதல் மிஷின்

கடை மிஷினைப் பார்த்துத்தான் செய்தேன். அறுபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. அதன் அடியில் நைலான் வட்டை லேத்தில் கடைந்து, மூன்று வரப்பு வைத்த சுழலி. தொட்டிக்குக் கீழே மோட்டார். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, சுழலித் தண்டில் 8 அங்குலப் புல்லி, நடுவில் ஒரு ஏ-செக்‌ஷன் வி-பெல்ட். 1440-ஐ நாலால் வகுத்தால் 360 சுற்று.

ஒரே பக்கம் சுற்றினால் துணி கயிறு திரித்தது போல முறுக்கிக்கொள்ளும். அதனால் மோட்டாரை மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். கிரைண்டர் மோட்டாரிலிருந்து வெளியே வருவது இரண்டே ஒயர். திறந்து, ஓடும் காயிலின் (ரன்னிங் காயில்) இரண்டு முனையையும் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனையையும் தனித்தனியாக வெளியே எடுத்தோம். ஒரு காயிலை அப்படியே வைத்து, மற்றதன் முனைகளை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒரு டைமர் பலகையும் ரிலேக்களும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

சேலத்தில் என் வீட்டு மாடியில் ஓட்டிப் பார்த்தபோதே ஒரு விசித்திரம். டைமர் திருப்புகிறது, ரிலே அடிக்கிறது, மோட்டார் மட்டும் பழைய பக்கமே சுற்றுகிறது! ஒயரிங் தப்போ என்று அரை நாள் தேடினேன். ஒயரில் ஒன்றும் இல்லை. மோட்டாருக்குள் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. தண்டோடு சேர்ந்து சுற்றும் சின்னக் குண்டுகள், வேகம் ஏறியதும் வெளிப்பக்கம் விரிந்து "டக்" என்று ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடும். அதன் பிறகு ஓடும் காயில் ஒன்றுதான் வேலை செய்யும். அந்த ஒற்றைக் காயிலுக்கு வலது இடது தெரியாது. எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கமே தள்ளும். நான் வைத்த ஒரு நொடி ஓய்வில் மோட்டார் நிற்கவே இல்லை. ஸ்விட்ச் மறுபடி சேரவில்லை. சேராத காயிலின் முனையை மாற்றி என்ன பயன்?

ஓய்வை மூன்று நொடி ஆக்கினேன். திரும்பியது. சந்தோஷமாக மலைக்கு ஏற்றினேன். அந்த மூன்று நொடி எனக்கு என்ன சொல்ல வந்தது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் காயில் கட்டிய 1,300 ரூபாய் மிச்சம்.

மலையில் முதலில் வந்தது வேறு பிரச்சினை. இரண்டாம் வாரம், மிஷின் ஓடும்போதே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தது. தூக்கிப் போட்டால் மறுபடி விழுந்தது. சுழலித் தண்டின் ஆயில் சீல் வழியாகச் சோப்புத் தண்ணீர் கசிந்து, நேர் கீழே இருந்த மோட்டாரில் சொட்டியிருக்கிறது. கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் மீட்டரைக் கடன் வாங்கி, 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே 0.3 மெகா ஓம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனாலே தொடக்கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே சட்டத்தில் இருக்கிற சாமானில், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. தொட்டி கட்டும் முன்பே இரண்டையும் போட்டதால்தான் அம்மாவின் ஈரக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எர்த் போடுவதும் மலையில் லேசான வேலை இல்லை. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. மூன்றடி தோண்டினதும் கடப்பாரை "ணங்" என்றது. குழாயை நேராக இறக்க வழியில்லாமல், அடுப்படித் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி நீளமாகப் பள்ளம் வெட்டி, ஜி.ஐ. பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்பு) படுக்க வைத்துப் புதைத்தோம். அங்கே மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும், எர்த்துக்கு வேண்டியதும் அதுதான்.

நனைந்த மோட்டாரைக் காய வைக்க வெயில் வேண்டும். பனிமூட்டத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஒரு தகரப் பெட்டிக்குள் மோட்டாரை வைத்து, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை இரண்டு ராத்திரி எரிய விட்டேன். மெகா ஓம் 20-ஐத் தாண்டியது. சீல் மாற்றி மறுபடி மாட்டினேன்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அம்மா போனில் சொன்னது: "கண்ணு, மிஷின்ல கருவாடு சுட்டாப்பல வாசம் வருது." காயில் மேல் பூசிய அரக்கு வார்னிஷ் எரியும் வாசத்தை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என்ன நடந்தது

காயில் கடை அண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. ஸ்டார்ட்டிங் காயில் மெல்லிய கம்பி. அரை நொடி, ஒரு நொடி தாங்குவதற்காகச் சுற்றியது. மாவாட்டும்போது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும், மீதி நேரமெல்லாம் ஆறிக்கொண்டிருக்கும். நான் ஆறவே விடவில்லை.

அதோடு மலையின் வோல்டேஜ். இந்த மாதிரி மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 180-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.61. அதாவது சாயங்காலத்தில் என் அரை ஹெச்.பி. மோட்டாருக்கு ஸ்டார்ட் ஆகும் பலம் ஐந்தில் மூன்று பங்குதான். எதிர்ப்பக்கம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரையும் துணியையும் நிறுத்தி மறுபக்கம் திருப்ப வேண்டும். அரை நொடியில் முடிய வேண்டிய ஸ்டார்ட் இரண்டு நொடி இழுக்கும். அத்தனை நேரமும் ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்ட் ஓடும். சேலம் மாடியில் நன்றாக ஓடியது மலையில் கருகியது இப்படித்தான்.

கடைகளில் விற்கும் இரட்டைத் தொட்டி மிஷினின் துவைக்கும் மோட்டார் எப்படி 240 ஸ்டார்ட்டைத் தாங்குகிறது? அதில் ஓடும் காயில், ஸ்டார்ட்டிங் காயில் என்ற பேதமே இல்லை. இரண்டும் ஒரே கம்பி, ஒரே சுற்று. நடுவில் ஒரு கண்டன்சர் (மின்தேக்கி) நிரந்தரமாக இருக்கும். கண்டன்சரை எந்தக் காயிலோடு சேர்க்கிறோமோ அதைப் பொறுத்து வலம் இடம். சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சே கிடையாது. திரும்பித் திரும்பி ஓடுவதற்கென்றே கட்டிய மோட்டார் அது. பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்று கிடைத்தால், நான் மேலே சொன்ன முதல் மிஷினை நீங்கள் தாராளமாகச் செய்யலாம், மோட்டாரை மட்டும் தொட்டிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

"ஒண்ணு மோட்டார மாத்துங்க, இல்லேன்னா வேலைய மாத்துங்க" என்றார் அண்ணன். மோட்டாரை மாற்றுவது எளிது. ஆனால் மாமாவின் மோட்டார் வீணாகிவிடும். வேலையை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். கொஞ்சம் வீம்பும் உண்டு.

துவைகல்லைப் பார்த்து

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மிஷின் இல்லை. அம்மா பழையபடி கல்லில் துவைத்துக்கொண்டிருந்தார். காப்பி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் எங்கேயும் துணியைக் கலக்கவில்லை. தூக்குகிறார், அடிக்கிறார். தூக்குகிறார், அடிக்கிறார். நடுவில் ஒரு தடவை திருப்பிப் போடுகிறார். துணியைத் தூக்கிக் கீழே போட மோட்டார் திரும்பித் திரும்பி ஓட வேண்டியதில்லையே! படுக்க வைத்த ஒரு டிரம், உள்ளே மூன்று துடுப்பு, மெதுவாக ஒரே பக்கம் சுற்றினால் போதும். துடுப்பு துணியை மேலே கொண்டுபோகும், உச்சிக்கு அருகில் துணி தானாகத் தண்ணீரில் விழும்.

புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. முன்பக்கம் கதவு வைத்த மிஷின் எல்லாம் இதே வேலைதான். சிகாகோவில் ஆல்வா ஃபிஷர் 1910-ல் காப்புரிமை வாங்கிய மின்சாரத் துவைப்பு மிஷினும் படுக்கை டிரம்தான். துணி ஒரே உருண்டையாகத் திரண்டுவிடாமல் இருக்க, அதில் டிரம் எட்டுச் சுற்று ஒரு பக்கம் போய்விட்டு மறுபக்கம் திரும்பும். இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. மறுபடியும் திருப்பலா?

சரி, கட்டித்தான் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

டிரம்முக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அலைந்தேன். வாய் அகலமான, பூட்டு வளையம் போட்ட நீல பிளாஸ்டிக் டிரம், 48 செ.மீ. விட்டம், 60 செ.மீ. நீளம். முதலில் வாங்கியது சாயப்பட்டறையிலிருந்து வந்தது. பத்துத் தடவை கழுவினேன். அப்படியும் சோதனைக்குப் போட்ட என் வெள்ளை வேட்டி ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது; சாயம் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது, வேறு ரசாயனமாக இருந்தால் தோலில்தான் தெரிந்திருக்கும். இரண்டாவது டிரம் ஊறுகாய் வந்தது. ஒரு வாரம் துணியெல்லாம் மாங்காய் வாசம், அப்புறம் போய்விட்டது.

கான்கிரீட் மிக்ஸர் எப்படி நிற்கும் என்று பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி வாய்ப்பக்கம் கொஞ்சம் மேலே தூக்கியபடி டிரம். அடிப்பக்கம் நடுவில் இரும்புத் தட்டு வைத்து, உள்ளும் புறமும் லாரி டியூப் வெட்டிய ரப்பர் வைத்து முடுக்கி, 25 மி.மீ. தண்டு. தண்டைத் தாங்க இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங். வாய்ப்பக்கக் கனத்தைத் தாங்க, டிரம்முக்குக் கீழே இரண்டு நைலான் சக்கரம். உள்ளே துடுப்புக்கு 4 அங்குலப் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து, எவர்சில்வர் போல்ட்டில் முடுக்கினேன். போல்ட் தலை நீட்டிக்கொண்டிருந்ததால் முதல் நாளே ஒரு விரிப்பு கிழிந்தது. அதன் பிறகு தலை உள்ளே அமுங்கும்படி மாற்றினேன். மோட்டார் இந்தத் தடவை டிரம்முக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, நடுவில் ஒரு தகரத் தடுப்பு.

வேகம்தான் முக்கியமான கணக்கு. டிரம் வேகம் கூடக்கூடத் துணி சுவரோடு ஒட்டும். ஒரு அளவுக்கு மேல் உச்சியிலும் விழாது. ஆரம் 0.24 மீட்டர் டிரம்முக்கு அந்த எல்லை நிமிடத்துக்கு 61 சுற்று. புவியீர்ப்பை ஆரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதை நிமிடச் சுற்றாக மாற்றினால் வரும் கணக்கு. இதை நான் முன்கூட்டியே போட்டேன் என்று பெருமை பேச ஆசைதான். உண்மையில் கையில் இருந்த புல்லிகளை மாட்டினேன்: முதல் கட்டம் 2-க்கு 10, இரண்டாம் கட்டம் 2-க்கு 8. மொத்தம் 20 மடங்கு குறைப்பு, 72 சுற்று. மூடியின் நடுவே இருந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால், திருவிழாவில் மரணக்கிணறு பார்த்தது போல இருந்தது. துணி அங்கே பைக் ஓட்டுகிறவன் மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. விழவே இல்லை. இருபது நிமிடம் கழித்து எடுத்தால் போட்ட அழுக்கு அப்படியே.

இரண்டாம் கட்டத்தில் 8-க்குப் பதில் 12 அங்குலப் புல்லி. 30 மடங்கு, 48 சுற்று. மிஷினைப் போட்டதும் உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தொப், தொப், தொப். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அட, கல்லுல அடிக்கற சத்தம்!" என்றார்.

இன்னொரு நல்லதும் தானாக வந்து சேர்ந்தது. டிரம் நிற்கும்போது தண்ணீரும் துணியும் அடியில் கிடக்கும். சுற்ற ஆரம்பிக்கும்போது மோட்டாருக்குப் பாரமே தெரியாது. துணி மேலே ஏற ஏறத்தான் பாரம் கூடும். அதற்குள் மோட்டார் வேகம் பிடித்துவிடும். 180 வோல்ட்டிலும் "டக்" சத்தம் ஒரு நொடிக்குள் கேட்கிறது. மூன்று கிலோ துணி, 25 லிட்டர் தண்ணீர்; அத்தனையையும் ஒவ்வொரு சுற்றிலும் முப்பது செ.மீ. தூக்கினால்கூட 70 வாட்டுக்குள் அடங்கிவிடும். அரை ஹெச்.பி. என்பது 373 வாட். கால் ஹெச்.பி. மோட்டாரே போதும் என்று இப்போது தெரிகிறது.

திருப்புவது திரும்ப வந்தது

ஃபிஷரின் எட்டுச் சுற்று சும்மா இல்லை. துண்டும் உறையும் போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. இரட்டைப் படுக்கை விரிப்பு நான்கு போட்டால், இருபது நிமிடத்தில் ஒரே உருண்டை. உருண்டையின் உள்பக்கம் சோப்பே போகவில்லை. தலையணை உறை ஒன்றைக் காணோம் என்று தேடினால் விரிப்பின் வயிற்றுக்குள் இருந்தது.

எட்டுச் சுற்றுக்கு ஒரு தடவை திருப்பினால் மறுபடி காயில் கடைக்குத்தான் போக வேண்டும். எத்தனை தடவை திருப்பினால் போதும் என்பதை மட்டும் சோதித்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பத்து நிமிடத்தில் உருண்டை பிடிக்க ஆரம்பிக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் அடுத்த இரண்டு நிமிடத்தில் அவிழ்ந்துவிடுகிறது. ஆக ஒரு துவைப்புக்கு ஒரே ஒரு தடவை திருப்பினால் போதும். முன்னே பத்து, பின்னே பத்து. மொத்தம் இரண்டு ஸ்டார்ட்.

டைமர் பலகையைக் கழற்றி எறிந்தேன். அந்த இடத்தில் ஒரு சுழல் ஸ்விட்ச்: முன், நிறுத்து, பின். அம்மாவிடம் சொன்ன விதி ஒன்றுதான். நிறுத்தியதும் டிரம், உள்ளே இருக்கும் கனத்தால், தொட்டில் மாதிரி இரண்டு ஆட்டம் ஆடி நிற்கும். தொட்டில் நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும். ஆடும்போது திருப்பினால் மோட்டார் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அம்மா இதுவரை ஒரு தடவையும் அவசரப்படவில்லை. அவசரப்பட்டது நான்தான், இரண்டு தடவை.

சோப்பு, கறை, கணக்கு

சேலத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடினத் தண்ணீர். மலையடிவாரத்தில் மேக்னசைட் (மெக்னீசியம் உள்ள வெள்ளைக் கல்) வெட்டும் கரடுகளைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. அங்கே ஒரு துவைப்புக்கு 40 கிராம் பவுடர் போட்டால்தான் நுரை வரும். அதே அளவை மலையில், ஊற்றுத் தண்ணீரில் போட்டேன். டிரம் முழுக்க நுரை. மூடி ஓட்டை வழியாகப் பொங்கி வழிந்தது. நுரை அதிகமானால் துவைப்பும் கெடும். விழுகிற துணி மெத்தையில் விழுந்தது போல விழும், அடி படாது. "தொப்" சத்தம் அமுங்கிப்போனதை வைத்தே கண்டுபிடித்தோம். இப்போது 15 கிராம். ஓட்டையில் நுரை எட்டிப் பார்த்தால் அடுத்த தடவை குறைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வேட்டியைக் கிழித்து, காப்பி, செம்மண், மஞ்சள் மூன்றையும் தடவி ஒரு ராத்திரி காயவிட்டு, ஒன்றை அம்மா கல்லில் துவைத்தார், ஒன்றை டிரம்மில் போட்டேன். முதல் மிஷின் ஓடிய நாளில் இதே மாதிரி துவைத்து எடுத்து வைத்த துண்டும் கையில் இருந்தது. காப்பிக் கறை மூன்றிலும் போனது. செம்மண் கல்லில் முழுசாகப் போனது, டிரம்மில் லேசான நிழல், முதல் மிஷினில் நன்றாகவே தெரிந்தது. மஞ்சள் எதிலும் போகவில்லை. சோப்பு பட்டதும் சிவந்து பயமுறுத்தியது, அலசியதும் பழைய மஞ்சளுக்கே வந்தது. மஞ்சளை வெளுக்க வைப்பது வெயில்தான். சேலத்துக்குக் கொண்டுவந்து மாடியில் போட்டதும் இரண்டு நாளில் காணோம்.

மின்சாரம்: இருபது நிமிடத் துவைப்புக்குச் செருகு மீட்டர் காட்டியது 0.08 யூனிட். செலவு: காயில் கட்டியது, டிரம் இரண்டு, பேரிங், தண்டு, லேத் கூலி, புல்லி, பெல்ட், ஆங்கிள் சட்டம், ஆர்.சி.சி.பி. எல்லாம் சேர்த்து முதல் மிஷினில் போனதையும் கூட்டினால் 9,400 ரூபாய். இந்தக் காசுக்கு ஒரு புது இரட்டைத் தொட்டி மிஷின் கிட்டத்தட்ட வந்துவிடும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பழுதானால் பெல்ட்டும் பேரிங்கும் ஏற்காடு கடைத்தெருவிலோ சேலத்திலோ கிடைக்கும், மாட்ட நானே போதும் என்பதுதான் லாபம்.

பிழிவதை நான் தொடவே இல்லை. பலரும் கேட்கிறார்கள், மோட்டார் இருக்கிறதே, நேராக ஒரு கூடையை மாட்டினால் பிழியாதா என்று. 12 செ.மீ. ஆரக் கூடை 1400 சுற்றில் போனால் விளிம்பில் புவியீர்ப்பைப் போல 260 மடங்கு. ஒரு பக்கம் 100 கிராம் துணி கூடினால் தண்டை 26 கிலோ விசை ஒவ்வொரு சுற்றிலும் உதறும். வீட்டுப் பட்டறையில் பற்ற வைத்த கூடை அதில் பிய்ந்தால் எங்கே போய்ப் பாயும் என்று யோசிக்கவே வேண்டாம். அம்மா துணியை மரப் பலகையில் போட்டு அமுக்கித் தண்ணீரை வடிக்கிறார். பனிக்காலத்தில் காய மூன்று நாள் ஆகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வருடத்தில் மாற்றியது ஒரு பெல்ட்டும் ஒரு நைலான் சக்கரமும். போன தீபாவளிக்கு மோட்டாரைத் திறந்து பார்த்தேன், இரண்டு காயிலும் ஒரே நிறத்தில் இருந்தன. போட்டோ எடுத்துக் காயில் கடை அண்ணனுக்கு அனுப்பினேன். கட்டை விரல் உயர்த்தி ஒரு பொம்மை பதிலாக வந்தது.

அம்மாவுக்கு இப்போது வேறு யோசனை. மிளகு பறிக்கும் காலத்தில் கொத்தைக் களத்தில் போட்டுக் காலால் மிதித்துத்தான் மணியை உதிர்க்கிறோம். "இந்த டிரம்முல கொத்தப் போட்டா உதிராதா சாமி?" என்று கேட்டார். 48 சுற்றில் உதிருமா, துடுப்பில் பட்டு மணி நசுங்குமா, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சோப்பு பட்ட டிரம் மிளகுக்கு ஆகாது. ஊறுகாய்க்காரரிடம் இன்னொரு டிரம்முக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.